மணப்பெண் வண்டியை எலி கடித்த கதை

எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான மறுநாள், ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர், கல்யாணத்தன்னைக்கு நான் கோயிலுக்குப் போறதுக்கு உங்க வண்டி வேணும். நீங்கதான் ஓட்டணும்."

அவள் கடியப்பட்டணத்துக்காரி. மாப்பிள்ளைக்கு முட்டம். கல்யாணமும் முட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில்தான். பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

"எனக்க வண்டி சின்ன வண்டி மக்கா. வாடகைக்குப் பெரிய வண்டியாப் பூவெல்லாம் வச்சுக் கிடைக்குமே" என்றேன்.

"பெரிய வண்டி கிடைக்கும் டீச்சர். பட்டுச்சேலை உடுத்த டிரைவர் கிடைக்காதுல்லா?"

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். கார் ஓட்டக் கற்றபோது எனக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவிலுள்ள வளைவுகளில் நான் பழகிய நாட்களில், எதிரே வந்த பஸ் டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டி, நான் கடந்து போன பிறகுதான் மூச்சு விட்டார்கள் என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்வார். அப்போது அவர் கத்தாரில் இருந்தார். எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் நேரில் பார்த்ததுபோலச் சொல்வார்.

அவருக்கு அங்கே எலக்ட்ரீசியன் வேலை. கல்யாணம் முடிந்த காலம் முதல் பெரும்பாலும் அங்கேயேதான் இருந்தார். லீவில் வருவார், கூரையைச் செப்பனிடுவார், போய்விடுவார். மகன் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு, போதும் என்று ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்த ஒரு வாரத்தில் வீட்டிலுள்ள சுவிட்சுகள் எல்லாம் சரியாக வேலை செய்தன. நாங்கள் இரண்டு பேரும்தான் ஒருவருக்கொருவர் கொஞ்சம் புதிதாக இருந்தோம். தினமும் போனில் அத்தனை பேசியவர்கள், ஒரே சோபாவில் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் விடிவதற்கு முன்பே எழுந்து தனக்கு மட்டும் சாயா போட்டுக் குடிப்பார். நான் பழக்கதோஷத்தில் ஒரு ஆளுக்குத்தான் சோறு வடிப்பேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நல்ல மழை. காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. புது வருஷம் பிறந்ததும் அவர் கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்தார். சொரூபங்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார், வைக்கோலைச் சுருட்டி ஷெட்டின் மூலையில் போட்டார். அடுத்த வாரம்தான் கல்யாணம்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அவருடைய ஸ்கூட்டரில் போய் வடசேரிச் சந்தையிலிருந்து பிச்சிப்பூவும் சிவப்பு ரோஜாவும் கிலோக்கணக்கில் வாங்கி வந்தோம். அவர் ஏணியில் நின்று, கத்தாரில் பெரிய கட்டடங்களுக்கு விளக்குச் சரம் கட்டிய அனுபவத்தோடு என் சின்னக் காருக்குப் பூச்சரம் கட்டினார். முன்புறம் ஒரு பெரிய ரோஜா வளையம். கட்டிய பூ கலைந்துவிடக் கூடாதென்று வண்டியை அசைக்கவில்லை. அசைத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

காலையில் அரக்கு நிறப் பட்டு உடுத்தி, தலையில் பூ வைத்து, சாவியைப் போட்டுத் திருகினேன். எதிரே இருந்த விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து ஒருமுறை அணைந்தன. அவ்வளவுதான். மறுபடி திருகினேன். ஒரு முனகல்கூட இல்லை.

"பேட்டரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் பானெட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஏட்டி, இஞ்ச வந்து பாரு."

எட்டிப் பார்த்தேன். கறுப்பு உறைக்குள் கட்டுக்கட்டாக ஓட வேண்டிய வயர்கள் பல இடங்களில் அறுந்து, செம்புக் கம்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிளாஸ்டிக் துணுக்குகள் இஞ்சின் மேல் சிதறிக் கிடந்தன. நடுவே எலிப் புழுக்கை.

மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன். அவர் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். "அக்கா, அதுல ஒண்ணும் கை வைக்காண்டாம், அப்படியே மூடிப் போடுங்க" என்றார். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் என் கணவர் டூல் பெட்டியோடு குனிந்துவிட்டார்.

"மெக்கானிக் கை வைக்காண்டாம்னு சொல்லுகாரு."

"அவருக்கு இஞ்சின் தெரியும். வயர் எனக்குத் தெரியாதா? முப்பது மாடிக்கு வயர் இழுத்தவன் நான்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிறம் பார்த்து நிறம் பார்த்து வயர்களை முறுக்கினார், கறுப்பு டேப்பைச் சுற்றினார். நெற்றியில் வேர்வை வழிய நிமிர்ந்து, அறுவை முடித்த டாக்டரைப் போலச் சொன்னார்: "இப்பம் திருப்பு."

திருப்பினேன். ஒரு சொட்டு மழையில்லாத காலையில் வைப்பர் இரண்டும் படபடவென்று ஆடி ரோஜா வளையத்தைப் பிய்த்து எறிந்தன. ஹாரன் அலறத் தொடங்கியது. நான் ஹாரனைத் தொடவே இல்லை. சாவியை எடுத்தேன், அப்போதும் நிற்கவில்லை. அவர் காதைப் பொத்திக்கொண்டு, "அது எனக்க வயர் இல்ல! வேற ஏதோ வயரு!" என்று கத்தினார். அடுத்த வீட்டு அக்கா மதில் மேலே எட்டிப் பார்த்து, "கல்யாண வண்டி புறப்பட்டாச்சா?" என்று கேட்டாள்.

பேட்டரி கம்பியைக் கழற்றின பிறகுதான் சத்தம் ஓய்ந்தது. அந்த அமைதியில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் முகத்தில் கிரீஸ் மீசை. மடியில் ரோஜா இதழ்களோடு நான். முதலில் சிரித்தது யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மணப்பெண் காத்துக்கொண்டிருக்கிறாள், வண்டி செத்துக் கிடக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் ஷெட்டுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம்.

நல்ல நாள் என்பதால் திங்கள்சந்தை ஸ்டாண்டில் ஒரு வாடகை வண்டியும் இல்லை. கல்யாண வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் காரிலிருந்த பூவை எல்லாம் அவிழ்த்து என் மடியில் அள்ளி வைத்துக்கொண்டு, அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன். பட்டுச்சேலையும் கை நிறையப் பூவுமாகப் போன என்னைப் பார்த்து, சந்தை முக்கில் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

கடியப்பட்டணத்தில் பெண் வீட்டு வாசலில் அவள் அப்பாதான் எங்களைக் கண்டார். மீன் வியாபாரம் செய்கிறவர். சொந்தமாக ஒரு மீன் டெம்போ உண்டு. வெள்ளை வேட்டி சட்டையில், கழுத்து பொத்தான் இறுக்கிப்பிடிக்க, நின்று கொண்டிருந்தார்.

"டீச்சரே, வண்டி எங்க?"

சொன்னேன். அவர் பதறாமல் கேட்டார். சொந்தக்காரர்களுக்காக வாடகைக்குப் பிடித்த வேன்கள் எல்லாம் முட்டத்தில் ஆளை இறக்கப் போயிருந்தன. அவை திரும்பி வருவதற்குள் கோயிலில் மணி அடித்துவிடும்.

உள்ளேயிருந்து மணப்பெண் வெள்ளைச் சேலையும் தலையில் முக்காட்டு வலையுமாக வாசலுக்கே வந்துவிட்டாள். "எலியா? உள்ளதா டீச்சர்?" என்று கேட்டு, என் கவலையெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல் சிரித்தாள். பிறகு தெருமுனையைக் காட்டினாள். அங்கே தென்னை நிழலில் அப்பாவின் டெம்போ நின்றது.

"அப்பா, அது நிக்குல்லா?"

அவர் முகம் வாடியது. "மக்கா, உன்னைய மீன் வண்டியிலயா ஏத்திக்கொண்டு போவேன்? மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்?"

"அவியளும் மீன்காரங்கதானே. இந்த வண்டி ஓடித்தானப்பா நான் படிச்சேன். இதுல போனா எனக்கென்ன கொறைச்சல்?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஹோஸை எடுங்கடே!" என்று ஒரு சத்தம் போட்டார். அதன் பிறகு அந்தத் தெரு இருந்த கோலத்தை என்னால் மறக்க முடியாது. சித்தப்பா மாமா எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டி வண்டியைக் கழுவினார்கள். அத்தைமார் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், பன்னீர் தெளித்தார்கள், ஒருத்தி சாம்பிராணிப் புகையோடு வண்டியைச் சுற்றி வந்தாள். எந்த வாசனையாலும் அந்த மீன் மணத்தை அசைக்க முடியவில்லை. என் கணவர் அதற்குள் பூச்சரங்களைப் பின்கட்டிலும் கண்ணாடி ஓரத்திலும் கட்டி முடித்திருந்தார். பெரிய வண்டி என்பதால் சரம் போதாமல் போக, பந்தலிலிருந்த வாழையிலும் தென்னங்குருத்திலும் கொஞ்சம் பிய்த்து வைத்தார்.

அப்பா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தபோது மணப்பெண் தடுத்தாள்.

"நீங்க இல்ல. டீச்சர் ஓட்டட்டு. அதுதான் பேச்சு."

"நானா? இதையா?" என்றேன்.

"கிளச்சு கொஞ்சம் இறுக்கம். ரெண்டாம் கியர் அடம்பிடிக்கும், தட்டிப் போடணும்" என்றார் அப்பா. அவர் சம்மதித்துவிட்டார் என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். அவ்வளவு உயரத்திலிருந்து நான் சாலையைப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் மணப்பெண், அவளுக்கு அந்தப் பக்கம் அப்பா. பின்னால், மீன் பெட்டி அடுக்குகிற இடத்தில், விரித்த பாய் மேல் தோழிகளும் அத்தைமாரும், அவர்களுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கணவரும். முதல் கியரில் வண்டி குதித்தது. பின்னாலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. இரண்டாம் கியரைத் தட்டிப் போட்டேன், விழுந்தது. அதன் பிறகு வண்டி என் பேச்சைக் கேட்டது.

ஒரு பக்கம் கடல். வலை காய்கிற மணல். சாலையோரத்தில் நின்றவர்கள் முதலில் டெம்போவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு மணப்பெண்ணைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தார்கள். அவள் ராணியைப் போல இருபக்கமும் கை காட்டிக்கொண்டே வந்தாள். முட்டத்துக் கலங்கரை விளக்கம் தெரிந்ததும் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

கோயில் வாசலில் மாப்பிள்ளை கோட்டுச் சூட்டோடு நின்றான். மீன் டெம்போவிலிருந்து தன் மணப்பெண் இறங்குவதைக் கண்டு அவன் சிரித்த சிரிப்பில் போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டுக் காத்து நின்றார். பங்குச் சாமியார் படியிலிருந்து இறங்கி வந்து வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "மீன் பிடிச்ச பேதுருவுக்கு இந்த வாசம் ஒண்ணும் புதுசில்ல. உள்ள வாங்க" என்றார்.

மறுநாள் இன்சூரன்ஸுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் ஒரு பெண், எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பதுபோல் கேட்டாள்.

"விபத்து நடந்தபோது வண்டியை ஓட்டியது யார், மேடம்?"

"யாரும் ஓட்டலம்மா. வண்டி ஷெட்டுக்குள்ள நின்னுது."

"எதிர் வண்டியின் எண்?"

"எதிர் வண்டி இல்ல. எலி."

"மேடம், எலி உயிருடன் உள்ளதா?" என்று கேட்டாள். அது எழுதி வைத்த கேள்வியில்லை என்று குரலிலேயே தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எலி கடித்த சேதமும் எங்கள் பாலிசியில் உண்டு, கம்பெனி சர்வேயர் சேதத்தைப் பார்த்துச் சரி என்றால் கிடைக்கும் என்றாள்.

இழுவை லாரி வந்து காரை நாகர்கோவிலில் உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனது. இரண்டு நாள் கழித்து சர்வேயர் வருகிறார் என்று அவர்கள் போனில் சொல்ல, நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். சர்வேயர் மெலிந்த மனிதர். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் ஒரு கோப்பு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பானெட்டுக்குள் தலையை விட்டு, நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்:

"எலி கடிச்சது சரி. டேப் ஒட்டினதும் எலியா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான் ஒட்டினது சார். எலக்ட்ரீசியன்."

"கார் எலக்ட்ரீசியனா?"

"கட்டடம்."

சர்வேயர் பேனாவை மூடினார். தாங்கள் பார்க்கும் முன்பே வண்டியில் வேலை நடந்திருக்கிறது என்றார். எலி அறுத்தது எது, நீங்கள் அறுத்தது எது, பழைய வயர் தானாகக் கெட்டது எது என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் கணவர் கல்யாணம், ரோஜா வளையம், வைப்பர், ஹாரன் என்று ஒன்று விடாமல், ஒரு இடத்திலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னார். தான் முறுக்கிய ஒவ்வொரு இடத்தையும் தொட்டுக் காட்டினார். சர்வேயரின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஆனால் கோப்பு மூடியேதான் இருந்தது.

"வைப்பருக்கு அடியில உள்ள தட்டைக் கழட்டுங்க, அதையும் பாத்திருவோம்" என்று சர்வீஸ் சென்டர் ஆளிடம் சொல்லிவிட்டு, சாட்சிக்காகத் தன் போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

தட்டைத் தூக்கியதும் உள்ளே ஒரு கூடு. எங்கள் குடிலின் வைக்கோல், பொன்னிறமாக, வட்டமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கிறிஸ்துமஸ் ஸ்டாரில் ஒட்டியிருந்த ஜிகினாத் தாள் கொஞ்சம். ஓரத்தில் பாதி தின்ற முந்திரிக்கொத்து ஒன்று, பண்டிகைக்கு நான் செய்த பலகாரம்தான். அந்தக் கூட்டின் நடுவிலிருந்து ஒரு கொழுத்த எலி தலையைத் தூக்கி, சர்வேயரின் போனையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு சாடியது. அவர் கையில் ஏறி, தோள் மேல் ஓடி, முதுகு வழியாக இறங்கி, கண்ணாடிக் கதவைத் தாண்டி, புது வண்டிகள் நிற்கிற பளபளத்த ஹாலுக்குள் போய்விட்டது.

அங்கே விற்பனைப் பிரிவில் நின்ற பெண்கள் இருவர் நாற்காலியில் ஏறினார்கள். வண்டி வாங்க வந்த ஒரு குடும்பம் மொத்தமும் புது வண்டிக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டது. மேனேஜர் துடைப்பத்தோடு ஓடினார். காவலாளி தொப்பியைக் கழற்றி அதைப் பிடிக்கப் பார்த்தார். எலி சாவகாசமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வாசல் வழியாக வெளியேறி, செடி மறைவில் போய் மறைந்தது.

சர்வேயர் கோப்பை மார்போடு அணைத்தபடி ஆடாமல் நின்றார். பிறகு போனை உயர்த்திப் பார்த்தார். வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் பதிவாகியிருந்தது, அவருடைய கூச்சல் உட்பட.

"எதிர் வண்டியே நேரில வந்துட்டு" என்றார் என் கணவர்.

அவ்வளவுதான், சர்வேயர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். பிறகு ஒழுங்காக வேலையைப் பார்த்தார். டேப்பைப் பிரித்து ஒவ்வொரு வயர் முனையிலும் பல் பட்ட தடத்தைத் தேடி, இருந்தவற்றைச் சேர்த்தார். என் கணவரின் முறுக்கலால் எரிந்த ஒரு ஃபியூஸை மட்டும் ஒதுக்கினார். "இது எலி கணக்குல வராது, உங்க கணக்கு" என்றார். நாங்கள் தகராறு செய்யவில்லை.

புறப்படும்போது அவர் கூட்டை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். "முந்திரிக்கொத்து பாகு நல்ல பதம். உங்க கைவேலையா?" என்று என்னிடம் கேட்டார். என் கணவர் உடனே, "வீட்டுல இருக்கு சார், நாளைக்கே கொண்டு தாறேன்" என்று தொடங்க, அவர் இரண்டு கையையும் தூக்கி, "வேண்டாம் வேண்டாம், கிளெய்ம் முடியாம ஒண்ணும் வாங்கக் கூடாது" என்று சொல்லிக் கிட்டத்தட்ட ஓடிவிட்டார்.

வயர்க்கட்டு முழுவதையும் மாற்ற வேண்டும், அது வெளியூரிலிருந்து வர வேண்டும், வாரக்கணக்காகும் என்றார்கள். நான் பஸ்ஸில் பள்ளிக்குப் போகத் தயாரானேன். முதல் நாள் காலையில் வாசலில் ஒரு ஹாரன். மணப்பெண்ணின் அப்பா.

"தக்கலைச் சந்தைக்குத்தானே போறேன் டீச்சரே. உங்க பள்ளிக்கூடம் வழியில இருக்கு. ஏறுங்க."

வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை. கார் வரும் வரை நான் சாளைக்கும் அயலைக்கும் முன்னால் அமர்ந்துதான் கணக்குப் பாடம் நடத்தப் போனேன். "டீச்சர் இன்னைக்கு நெத்தோலி" என்று முதல் பெஞ்சு ரகசியம் பேசும். பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். மணப்பெண் லீவு முடிந்து வந்ததும் ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை இழுத்து, "அப்பா வாசம் அடிக்கி டீச்சர்" என்றாள். கல்யாணமாகிப் போன பிள்ளை. கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. மறுநாள் முதல், முட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து திங்கள்சந்தையில் இறங்கி அவளும் எங்களோடு ஏறிக்கொண்டாள். மூன்று பேரும் முன்சீட்டில் இடித்து நெருக்கிக்கொண்டு போவோம். அவர் மகளிடம் ஒன்றும் அதிகம் பேச மாட்டார். கியர் போடும்போது மட்டும், "கால ஒதுக்கு மக்கா" என்பார். அந்தக் குரலில் அத்தனையும் இருக்கும்.

அவர் தினமும் எங்கள் வாசலில் நிற்கும்போது ஐஸ் தண்ணீர் ஒழுகும், சிலநாள் ஒரு சாளை நழுவி விழும். அதைத் தேடி எங்கிருந்தோ ஒரு பெண்பூனை வந்தது. பிறகு அது போகவே இல்லை. காலியான ஷெட்டில் படுத்துக்கொண்டது. என் கணவர் எலிக்காக வாங்கி வைத்த அந்துருண்டையும் புகையிலைத் தண்ணீரும் கம்பிவலையும் அப்படியே கிடந்தன.

கார் வந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்வேயர் தன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். கையில் கோப்பு இல்லை. செருப்பைக் கழற்றும்போதே, "கிளெய்ம் முடிஞ்சிட்டு, இனி வாங்கலாம்" என்றார். தட்டு நிறைய முந்திரிக்கொத்து வைத்தேன். அந்த வீடியோவைத் தன் மனைவியிடம் காட்டவே இல்லையாம். என் கணவர் அன்றைக்கே அதை அவரிடமிருந்து தன் போனுக்கு வாங்கி வைத்திருந்தார். காட்டினார். அந்த அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

வண்டியை எடுக்கப் போன அன்று சர்வீஸ் சென்டரில் ஒன்று சொன்னார்கள். மருந்தும் வலையும் இருக்கட்டும், முக்கியமாக வண்டியை நாள்கணக்கில் சும்மா போடாதீர்கள், தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், இஞ்சின் சூடும் சத்தமும் இருந்தால் எலி குடியேறாது என்றார்கள். என் கணவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நான் பள்ளிக்குப் போய்வருகிற ஓட்டம் போதாதா என்று கேட்டதற்கு, "அது காலத்த. சாயங்காலம் எலி வந்தா?" என்றார்.

அப்படித்தான் எங்கள் சாயங்காலங்கள் தொடங்கின. பள்ளி விட்டு வந்து முகம் கழுவியதும் அவர் சாவியை எடுத்து நீட்டுவார். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். டி.வி.க்கு முன்னால் வராத பேச்செல்லாம் காருக்குள் வந்தது. கத்தாரில் போன புதிதில், அறையில் உடன் இருந்தவர்களுக்குத் தெரியாமல் போர்வைக்குள் என் கடிதத்தைப் படித்ததைச் சொன்னார். அவர் போன அன்று மகன் விமானம் என்று நினைத்து ஒரு பருந்துக்குக் கையாட்டியதைச் சொன்னேன். ஒருநாள் கடியப்பட்டணம், ஒருநாள் மண்டைக்காடு, பெரும்பாலும் முட்டம். பாறைப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பொரித்த மீனும் சாயாவும் வாங்கி உள்ளேயே வைத்துக் கடலைப் பார்த்தபடி தின்போம்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது கடல் பக்கமிருந்து மழை ஏறி வந்தது. கடைக்காரர் அடுப்பை மூடினார். பாறை மேல் நின்றவர்கள் ஓடினார்கள். கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்தது, கடல் தெரியவில்லை, கலங்கரை விளக்கமும் தெரியவில்லை. நான் சாவியில் கை வைத்தேன்.

"ஏட்டி, இரு, மழை விடட்டு" என்றார்.

"விடல்லன்னா?"

அவர் மீன் பொட்டலத்தைப் பிரித்து, முள்ளில்லாத துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளி வைத்தார்.

"விடல்லன்னா என்ன, இருப்போம்."